ஏலத்தோட்டப் பாதைக்கு எவ்வளவு காற்று வைக்கலாம்?

இடுக்கி மலையில் இருக்கும் பூப்பாறை பக்கத்து ஏலத்தோட்டப் பாதைகளில் சில வருடங்களாக மஹிந்திரா தார் ஓட்டுகிறேன். டயர் 245/75 ஆர்16, டியூப்லெஸ். மெயின் ரோட்டில் கதவுச் சட்டத்தில் கம்பெனி ஒட்டியிருக்கும் அளவுதான். கல் பாவிய எஸ்டேட் ரோட்டுக்கு 24 முதல் 26 பிஎஸ்ஐ வைக்கிறேன். முழுக் காற்றில் சக்கரம் வழுக்கிச் சுற்றும் ஈரக்கல் ஏற்றத்தில், 25 வைத்தால் வண்டி நிதானமாக ஏறிவிடுகிறது. டயர் நீளவாக்கில் கூடுதலாகத் தரையில் படிவதுதான் காரணம். முதுகும் தப்பிக்கும்.

சரி, இன்னும் இறக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். வீடியோக்களில் வரும் 15, 18 எல்லாம் மணலுக்கு. மணலில் டயரைக் கிழிக்க ஒன்றுமில்லை. இங்கே பாதையோரம் முழுக்க உடைந்த கருங்கல். காற்று குறையக் குறைய டயரின் பக்கவாட்டு வெளியே பிதுங்கும். தரையில் உருளும் பகுதியைப் போல அங்கே ரப்பர் தடிமனாக இருக்காது. அது கிழிந்தால் பஞ்சர் ஒட்டிச் சமாளிக்க முடியாது, புது டயர்தான். ரொம்பவும் இறக்கிவிட்டு வளைவில் ஒடித்தால் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடும்.

ஆனி, ஆடி மழையில் மட்டும் 22 வரை போவேன், அதுவும் காலி வண்டிக்கு. மூட்டை ஏற்றினால் பின்சக்கரங்களுக்கு 4 கூட்டிவிடுவேன். களிமண் சேறு டயர் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) இடுக்கில் அப்பிக்கொண்டால் எந்த அளவும் உதவாது. அங்கே இரும்புச் சங்கிலி கட்டும் நம்ம ஜீப் டிரைவர்கள் செய்வதுதான் சரி.

போடியில் பிடித்த காற்று மேலே வந்தால் மாறுமா? மாறும். உயரம் 300 மீட்டர் கூடினால் காற்று அளக்கும் கேஜ் சுமார் அரை பிஎஸ்ஐ அதிகம் காட்டும். குளிர் 10 டிகிரி கூடினால் ஒன்றரை பிஎஸ்ஐ போல இறங்கும். அதனால் காலையில் வண்டியை எடுக்கும் முன்பே, டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்துவிடுங்கள்.

போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் முன் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றியே ஆக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயர் நசுங்கி நசுங்கிச் சூடேறும், வளைவில் வண்டியும் அலையும். 12 வோல்ட் கம்ப்ரசர் போதும், ஆனால் பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டும் வகையாகப் பாருங்கள். அதிலிருக்கும் முள்ளை மட்டும் நம்பாமல், கேஜ் ஒன்றைத் தனியாக வாங்கி எப்போதும் அதிலேயே அளந்து வாருங்கள்.