குளூட்டன் இல்லா உணவின் முதல் வாரங்கள்: இயல்பான உணவா, மாற்றுப் பண்டங்களா?

குளூட்டனை அறவே விலக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன பிறகு, முதல் சில வாரங்களைக் கடக்க ஒருவர் முன்னால் இருக்கும் வழிகள் பெரும்பாலும் இரண்டுதான். முதலாவது, குளூட்டன் என்ற புரதத்தைக் கொண்ட கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களும் இயல்பிலேயே இடம்பெறாத பொருள்களான அரிசி, மக்காச்சோளம், சிறுதானியங்கள், பருப்பு வகைகள், கிழங்குகள், காய்கனிகள், முட்டை, மீன், இறைச்சி, பால் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு வேளை உணவையும் புதிதாக அமைத்துக்கொள்வது. இரண்டாவது, இதுவரை உண்டுவந்த ரொட்டி, பாஸ்தா, பிஸ்கட் ஆகியவற்றின் இடத்தில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்ட மாற்றுப் பண்டங்களை வைத்து, பழைய உணவு முறையை வடிவம் மாறாமல் தொடர்வது. நடைமுறையில் எல்லோரும் இரண்டையும் கலந்தே கையாள்கிறார்கள் என்றாலும், எது அடித்தளம், எது துணை என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. என் சார்பு முதல் வழியின் பக்கம். அதில் சத்து மிகுதி என்பது ஒரு காரணம்தான். அனுபவமே இல்லாத ஒருவர் ஒரு நாளில் எடுக்க வேண்டிய முடிவுகளின் எண்ணிக்கையை அது வெகுவாகக் குறைக்கிறது என்பது அதைவிட முக்கியமான காரணம்.

இந்த ஒப்பீட்டுக்குள் நுழையும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். குளூட்டனை உண்டால் உடலின் எதிர்ப்பு அமைப்பே சிறுகுடலைத் தாக்கும் சீலியாக் நோயைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனையும் சிறுகுடல் திசுப் பரிசோதனையும், ஒருவர் குளூட்டனை உண்டுகொண்டிருக்கும்போது மட்டுமே நம்பத்தக்க முடிவைத் தரும். பரிசோதனைக்கு முன்பே தானாக உணவை மாற்றிக்கொண்டவருக்கு, ரத்தத்தில் இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருள்களின் அளவு இறங்கி, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். பிறகு உறுதிசெய்துகொள்ள, மருத்துவக் கண்காணிப்பில் மீண்டும் பல வாரங்கள் குளூட்டனை உண்ண நேரிடும். உடல் சற்றுத் தேறியிருக்கும் நிலையில் அப்படித் திரும்பிப் போவது மிகவும் சிரமமானது. ஆகவே, கீழே சொல்லப்படுபவை யாவும் பரிசோதனைகளை முடித்துவிட்டவருக்கு உரியவை.

முதல் வழியின் பலம் உட்பொருட் பட்டியலில் தெரியும், அதாவது பட்டியலே இல்லாமல் இருப்பதில் தெரியும். உருளைக்கிழங்குக்கும் முட்டைக்கும் பின்புறத்தில் எந்த எழுத்தும் இல்லை. பொட்டலத்தில் வரும் ஒவ்வொரு பண்டமோ ஒரு சிறிய தேர்வு வைக்கிறது. கோதுமை என்று நேரடியாக எழுதியிருந்தால் எவரும் கண்டுகொள்வார்கள். ஆனால் பட்டியலின் கடைசி வரிகளில் 'மால்ட் சாறு' என்று இருந்தால், அது பெரும்பாலும் பார்லியிலிருந்து வருவது என்பதை அறிந்தவர்தான் அந்தச் சோள அவலைக் கீழே வைப்பார். சோயா சாஸ் என்ற பெயரில் சோயா மட்டுமே இருக்க, வழக்கமான தயாரிப்பில் கோதுமையும் சேர்ந்தே புளிக்கவைக்கப்படுகிறது. ரவை, கூஸ்கூஸ், புல்கர், ஸ்பெல்ட், செய்த்தான் எல்லாம் கோதுமையின் வேறு வேடங்கள். டிரிட்டிகேல் கோதுமையும் ரையும் கலந்த கலப்பினம். மறுபுறம், அஞ்ச வேண்டாதவற்றைக் கண்டு அஞ்சுவதும் நடக்கும். பக்வீட் என்ற தானியத்துக்குக் கோதுமையோடு எந்த உறவும் இல்லை. ஒட்டும் தன்மையுள்ள அரிசியில் குளூட்டன் கிடையாது. மால்ட்டோடெக்ஸ்ட்ரின் பெயரில்தான் மால்ட்டை ஒத்திருக்கிறது. இத்தனையையும் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையை முதல் வழி தள்ளிப்போடுகிறது. உண்பவற்றில் பெரும்பங்கு முழுப் பொருள்களாக இருந்தால், வாரத்துக்கு நான்கைந்து பட்டியல்களைப் படித்தால் போதும். அவற்றை நிதானமாகப் படிக்கலாம்.

மாற்றுப் பண்டங்களுக்கு ஆதரவாகவும் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 'குளூட்டன் இல்லாதது' என்ற சொல்லுக்குப் பல நாடுகளில் சட்ட வரையறை இருக்கிறது: 1 கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் விதி 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வகுத்தது, அமெரிக்கா 2013இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2014இலும் பிறப்பித்த விதிகளிலும் இந்த அளவே இருக்கிறது. அதாவது, அந்த முத்திரையுள்ள ரொட்டியை 100 கிராம் உண்டாலும் உள்ளே போவது அதிகபட்சம் 2 மில்லிகிராம். இயல்பிலேயே குளூட்டன் இல்லாத தானியம் என்று நம்பி வாங்கும் மாவுக்கு இந்த உறுதி இல்லை. கோதுமை அரைத்த அதே எந்திரத்தில் அரைத்த சிறுதானிய மாவில் கோதுமைத் துகள் கலந்திருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. முதல் வழியைத் தேர்ந்தவர்களுக்கு நான் சொல்லும் விதிவிலக்கு இதுதான்: தானியத்தை முழுதாக வாங்கி, பொறுக்கிக் கழுவிச் சமைக்கலாம், மாவாக வாங்கினால் முத்திரையுள்ளதையே வாங்க வேண்டும். 'கோதுமை இல்லாதது' என்ற வாசகம் இந்த முத்திரைக்கு ஈடாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனெனில் பார்லியும் ரையும் அந்த வாசகத்துக்குள் தாராளமாக நுழைந்துவிடும்.

ஆனால் அந்த முத்திரை குளூட்டனைப் பற்றி மட்டுமே பேசுகிறது, சத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. குளூட்டன்தான் மாவைப் பிணைத்து, காற்றைத் தேக்கி, ரொட்டியை உப்பச் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்த வேலையைச் செய்ய மாவுச்சத்தும் கொழுப்பும் சாந்தன் பசை போன்ற பிணைப்பான்களும் தேவைப்படுகின்றன. இதனால் இத்தகைய ரொட்டிகள் பலவற்றில் புரதம் குறைவு. நார்ச்சத்தும் தயாரிப்பைப் பொறுத்து மிகவும் மாறுபடுகிறது. பல நாடுகளில் கோதுமை மாவில் சட்டப்படி இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்க்கப்படுகின்றன. மாற்று மாவுகளில் பெரும்பாலும் அவை சேர்க்கப்படுவதில்லை. புதிதாக நோய் கண்டறியப்பட்டவரின் சிறுகுடல் ஏற்கெனவே இரும்பையும் ஃபோலேட்டையும் கால்சியத்தையும் வைட்டமின் டியையும் சரிவர உறிஞ்சாமல் விட்டிருக்கும் நிலையில், இந்தக் குறை சிறியதல்ல. முதல் சில வாரங்களில் பலர் முறையிடும் மலச்சிக்கலுக்கும் வயிற்று உப்புசத்துக்கும் புதிய உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் கற்பிக்கிறார்கள். கோதுமையோடு சேர்ந்து வெளியேறிய நார்ச்சத்தின் இடம் வெறுமையாக இருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. பருப்பும் காயும் பழமும் அந்த இடத்தை நிரப்பும் அளவுக்கு மாற்று பிஸ்கட் நிரப்பாது. முதல் வழிக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: எல்லா வேளையும் அரிசியே என்று சுருங்கிவிட்டால் அது சத்து வகையைக் குறைப்பதோடு, அரிசி நிலத்திலிருந்து ஈர்த்துக்கொள்ளும் நச்சுப்பொருளான ஆர்செனிக்கின் அளவையும் உடலில் கூட்டும். தானியங்களை மாற்றி மாற்றி உண்ண வேண்டும்.

மனநிலையைப் பொறுத்தவரை இரண்டாம் வழி முந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் ரொட்டி உண்ணும் மேசையில் தானும் ரொட்டி உண்ண முடிவது, குறிப்பாகக் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும், விதியைக் கடைப்பிடிப்பதற்கே துணையாக இருக்கும். எனினும் இதில் காலம் முக்கியம். கோதுமை ரொட்டியின் சுவை நாக்கில் பசுமையாக இருக்கும் முதல் வாரத்தில் மாற்று ரொட்டியைக் கடித்தால், அது உதிர்வதும் வறண்டிருப்பதும் மட்டுமே தெரியும். இனி வாழ்நாள் முழுவதும் இதுதானா என்ற சலிப்பும் கூடவே வரும். ஒரு மாதம் கழித்து, சூடுபடுத்தி உண்டால், அதே ரொட்டி அவ்வளவு மோசமாகத் தோன்றாது. பெரியவர்களுக்கு இந்தத் தள்ளிப்போடுதலை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். குழந்தைகளுக்கு முதல் நாளிலிருந்தே அவர்கள் விரும்பும் ஒன்றிரண்டு மாற்றுப் பண்டங்கள் வீட்டில் இருப்பது நல்லது.

ஒரே நாளில் நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்ற இரண்டாவது போட்டியில் அலச அதிகம் இல்லை. சீலியாக் நோய் உறுதியானவருக்குப் படிப்படி என்ற பேச்சுக்கே இடமில்லை. குறைந்த அளவு குளூட்டனும் அழற்சியைத் தொடரச் செய்கிறது. நோய் இல்லாமல், குளூட்டன் உண்டால் தொல்லை என்று மட்டும் உணர்பவர்களின் நிலை வேறு. கோதுமையிலுள்ள ஃபிரக்டான் என்ற கார்போஹைட்ரேட்டே அவர்களில் சிலரைத் தொல்லைப்படுத்துகிறது என்பதால், அவர்கள் உணவியல் வல்லுநரின் துணையோடு நிதானமாக ஆராய்ந்து பார்க்கலாம்.

சமையலறையைப் பற்றிய மூன்றாவது போட்டிதான் உண்மையில் கடினமானது: வீடு முழுவதும் குளூட்டனை விலக்குவதா, ஒருவருக்கு மட்டும் தனி ஏற்பாடா? அளவைக் கண்முன் கொண்டுவந்தால் தீர்மானிப்பது எளிதாகும். சாதாரணக் கோதுமை ரொட்டித் துண்டு ஒன்றில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. சீலியாக் நோயாளிகளை வைத்து நடந்து 2007இல் வெளியான ஆய்வொன்றில், மூன்று மாதங்களுக்கு நாள்தோறும் 50 மில்லிகிராம் உட்கொண்டவர்களின் சிறுகுடலில் பாதிப்பு தென்பட்டது. அந்தத் துண்டை நாற்பது பங்காக்கினால் ஒரு பங்கு அது. இப்போது பகிர்ந்து பயன்படுத்தும் டோஸ்டரின் அடித்தட்டை இழுத்துப் பாருங்கள். அங்கே குவிந்து கிடக்கும் துகள்களில் ஒரு சிட்டிகை போதும். வெண்ணெய் டப்பாவில் பழைய ரொட்டித் துகளோடு மீண்டும் மீண்டும் நுழையும் கத்தியும், பாஸ்தா வடித்த சல்லடையின் துளைகளில் காய்ந்து ஒட்டியிருக்கும் பசையும், பலவற்றைப் பொரித்த எண்ணெயும் இதே வகை. சூடு குளூட்டனை அழிப்பதில்லை. கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. ஆனால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிய வழவழப்பான உலோகத் தட்டும் பாத்திரமும் பாதுகாப்பானவையே. எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டும் என்று பதறுவது வீண் செலவு.

முழு வீடும் மாறினால் கண்காணிப்புச் சுமை அநேகமாக மறைந்துவிடும். சிறு குழந்தை நோயாளியாக இருக்கும் வீட்டுக்கு இதுவே ஏற்றது. பெரிய குடும்பத்தில் அது நடைமுறைக்கு ஒவ்வாது, கட்டாயப்படுத்தினால் மனக்கசப்பும் மிஞ்சும். அத்தகைய வீட்டில் இடைப்பட்ட ஏற்பாடு ஒன்று பலன் தரும்: கோதுமை மாவை மட்டும் வீட்டிலிருந்து வெளியேற்றுவது. சுட்டுக் கொண்டுவந்த ரொட்டி தன் தட்டோடு நிற்கும். பிசையும் மாவு காற்றில் பறந்து மேடையிலும் திறந்த பாத்திரங்களிலும் படியும். அதனோடு, டோஸ்டர், மரப்பலகை, சல்லடை, வெண்ணெய் டப்பா ஆகிய நான்கையும் தனியாக்கி, நோயாளியின் உணவை முதலில் சமைத்து மூடிவைத்துவிட்டால், பகிர்ந்த சமையலறையும் தாங்கத்தக்கதாகிவிடும்.

ஓட்ஸ் எந்தப் பட்டியலில் சேரும் என்ற கேள்வி இரு வழியினருக்கும் வரும். தூய ஓட்ஸைப் பெரும்பாலான சீலியாக் நோயாளிகள் தாங்குகிறார்கள். சிறுபான்மையினருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை, சாதாரண ஓட்ஸிலோ கோதுமைக் கலப்பு மிகுதி. தொடக்கத்திலேயே அதைச் சேர்த்துவிட்டால், தொல்லை தொடரும்போது காரணம் எது என்று பிரித்தறிய முடியாமல் போகும் என்பதால், அறிகுறிகள் அடங்கிய பிறகு, மருத்துவரிடம் கேட்டு, முத்திரையுள்ளதைத் தொடங்குவதே சரி. பாலிலும் இதே வகைச் சிக்கல் உண்டு: பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி, சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனியில் சுரப்பது, அவை சிதைந்திருக்கும் வரை பால் வயிற்றைப் பொருமச் செய்யலாம். சில மாதங்களில் குடல் தேறியதும் பெரும்பாலோருக்கு இது தானாகவே சரியாகிவிடும். அதுவரை தயிரையும் கெட்டியான பாலாடைக்கட்டியையும் நாடலாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், அது செயல்படுகிறதா என்பதை வயிற்றின் அமைதியை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது. பலருக்குச் சில நாள்களிலேயே சோர்வும் வயிற்றுப்போக்கும் குறையும். சிலருக்கு அறிகுறியே இருந்திராது. மூன்று முதல் ஆறு மாதங்களில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருளின் அளவு தெளிவாக இறங்கியிருந்தால் பாதை சரி. அது அசையாமல் நின்றால், மாற்றுப் பண்டங்களை நம்பியவர் தம் அலமாரியிலுள்ள ஒவ்வொரு பொட்டலத்தையும் உணவியல் வல்லுநரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இயல்பான உணவை நம்பியவர் தம் மாவு எங்கே அரைபடுகிறது என்று விசாரிக்க வேண்டும். இருவருமே அன்றாடம் விழுங்கும் மாத்திரைகளின் துணைப்பொருள்களை மருந்தாளுநரிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். பெரியவர்களுக்குக் குடலுறிஞ்சிகள் முழுமையாக வளர இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகலாம் என்பதால், எதிர்ப்பொருள் இறங்கிவிட்டது என்று சொல்லிக் கட்டுப்பாட்டைத் தளர்த்த மருத்துவர் எவரும் அனுமதிப்பதில்லை.