முட்டத்துக் கடற்காற்றில் ஐந்து வருடம்: என் ஓவர்கிளாக் கணினி

முட்டத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்புதான் இருக்கிறது. கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். 2020 ஜனவரியில் நாகர்கோவிலில் ஒவ்வொரு பாகமாக வாங்கி நானே பொருத்திய கணினி ஐந்து வருடம் தாண்டியும் ஓவர்கிளாக்கிலேயே, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கும் மேலே, ஓடுகிறது. கடலோரத்தில் இருந்துகொண்டு இப்படியொன்று செய்ய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வாங்கப் போனபோது என் மனசு முழுக்கப் புராசஸரில்தான் இருந்தது. கடைக்கார அண்ணன் சொன்னார்: "தம்பி, கடல்பக்கம் வீடுண்ணா போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் நல்லதா பாத்து எடு. புராசஸர் எங்கயும் போவாது." போர்டு என்றால் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் என்றால் வீட்டுக் கரண்டைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. அவர் பேச்சைக் கேட்டது நல்லதாகப் போயிற்று.

எடுத்தது ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 3600 புராசஸர். ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட். ரைசனில் வேகத்தை ஏற்றவிடாமல் தடுக்கும் பூட்டு கிடையாது, ஆனால் விலை குறைவு என்று ஏ320 போர்டை எடுத்தால் புராசஸரை ஓவர்கிளாக் செய்ய வழியில்லை. நான் எம்எஸ்ஐ பி450 டொமஹாக் மேக்ஸ் போட்டேன். எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டைப் புராசஸருக்கு வேண்டிய ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு இறக்குவது போர்டில் உள்ள விஆர்எம். ஓவர்கிளாக் செய்தால் முதலில் பாடுபடுவது அதுதான். அதன்மேல் சூட்டை இழுக்கும் கனமான உலோக ஹீட்சிங்க் இல்லாத போர்டை நம்பி இறங்க வேண்டாம்.

முதலில் ஆசைப்பட்டு 4.3 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட் வைத்தேன். வேகத்தை அளக்கும் பெஞ்ச்மார்க் எல்லாம் ஓடியது. எடிட் செய்த ஒரு கல்யாண வீடியோவை முழு ஃபைலாக்க எக்ஸ்போர்ட் போட்டபோது ஒன்றரை மணி நேரத்தில் திரை நீலமாகி நின்றது. 4.2-க்கு இறக்கி 1.3 வோல்ட்டில் நிறுத்தினேன். கம்பெனி செட்டிங்கில் ஒரு மணி நேரம் பிடித்த எக்ஸ்போர்ட் இதில் 57 நிமிடத்தில் முடிகிறது. லாபம் அவ்வளவுதான் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். கூடவே வந்த சின்னக் கூலர் இதற்குத் தாங்காது. 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த டவர் கூலர் போட்டும், மே மாத மதியங்களில் 80 டிகிரியைத் தாண்டியது.

ரேமில்தான் பெரிய பாடம் படித்தேன். 3200 வேகத்துக்கான ரேம் கிட்டை 3600-க்கு ஏற்றினேன். கணினி ஒருநாளும் நிற்கவில்லை, எல்லாம் சரி என்றே நினைத்தேன். ஒரு நாள் முடித்த வீடியோவைப் பார்க்கும்போது, தாலி கட்டும் இடத்தில் மணப்பெண்ணின் முகத்தில் பச்சைக் கட்டமொன்று ஒரு நொடி மின்னி மறைந்தது. அன்று இரவு முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினேன், பிழைகள் வரிசையாக வந்தன. ரேம் பிழை சத்தமில்லாமல் ஃபைலைக் கெடுக்கும். திரும்ப எடுக்க முடியாத வேலை செய்பவர்கள் ரேமை அதன் எக்ஸ்எம்பி வேகத்திலேயே, அதாவது ரேம் கம்பெனியே குறித்துக் கொடுத்த வேகத்திலேயே, விட்டுவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டை நான் தொடவே இல்லை.

அப்புறம் கரண்ட். 2017-இல் ஒக்கி புயல் வந்து கம்பங்களைச் சாய்த்ததைப் பார்த்த ஊர் இது, யுபிஎஸ் வாங்காமல் இருப்போமா? முதலில் வாங்கிய மலிவு யுபிஎஸ், கரண்ட் போனதும் 'டக்' என்று சத்தம் போடும், அதே நொடியில் கணினியும் அணையும். பேட்டரியில் ஓடும்போது அது தந்தது படிப்படியான அலை. என்னுடைய 550 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ்ஸில் கரண்டைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி சர்க்யூட் உண்டு, அதற்கு அந்த அலை ஒத்துவரவில்லை. வீட்டுக் கரண்ட் போலவே வழவழப்பான அலை தரும் ப்யூர் சைன்வேவ் யுபிஎஸ் மாற்றிய பிறகு ஒரு எக்ஸ்போர்ட்கூட நடுவில் நிற்கவில்லை. ஐப்பசியில் மலைப்பக்கம் இடி முழங்கினால், "மக்கா, வயரப் புடுங்கிப் போடு" என்று அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பார். நெட் கேபிளையும் சேர்த்துப் பிடுங்குவேன், இடி அந்த வழியாகவும் வரும்.

உப்பை யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டாவது வருட ஆனி மழையில், பத்து நாள் வேலையில்லாமல் அணைத்து வைத்திருந்த கணினி திரையே காட்டவில்லை. ரேமைக் கழற்றிப் பார்த்தால் தங்கநிறப் பற்களின்மேல் மங்கலாக ஒரு படலம். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துப் போட்டதும் உயிர் வந்தது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும், கரைந்த உப்பில் மின்சாரம் பாயும். ஓடும் கணினியின் சூடு அதை அண்டவிடாது. அதனால் மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் தினமும் ஒரு மணி நேரமாவது ஓட விடுகிறேன். ஃபேன் வலையைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்லதண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுகிறேன்.

இப்போது 4.1 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட். சூடு நன்றாகக் குறைந்துவிட்டது, வேலையில் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்து இதே போர்டில் பயாஸை (போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்து ரைசன் 7 5700எக்ஸ் போடப் போகிறேன். துருப்பிடித்துப்போன கேபினட் ஸ்க்ரூக்களுக்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு செட் வாங்கி வைத்தாயிற்று.