செட்டிநாட்டு முதியவர்களுக்கு எது கைகொடுக்கும்: நூறு யூனிட்டா, சூரிய மின்சாரமா, ரொக்கமா?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் சுற்றுவட்டாரத்தில் பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெரிய வீட்டைக் காத்தபடி தனியே வாழும் ஆச்சிகளும் ஐயாக்களும் ஏராளம். அவர்களுடைய மின்கட்டணத்துக்கும் காஸ் செலவுக்கும் அரசு தரும் உதவிகள் சில இருக்கின்றன. யாருக்கு எது பொருந்தும் என்பதில்தான் குழப்பம். பிரிட்டனில் முதியவர்களுக்குக் குளிர்கால எரிபொருள் செலவுக்கென்றே ஆண்டுக்கு 200 பவுண்டும், 80 வயதைத் தாண்டியிருந்தால் 300 பவுண்டும் தருகிறார்கள். 2024இல் அதைப் பெரும்பாலோருக்கு நிறுத்திவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த ஆண்டே வருமான வரம்புடன் திருப்பிக் கொடுத்தார்கள். நம் ஊர் மின்கட்டணச் சலுகையோ வயதைப் பார்ப்பதில்லை, மீட்டரைப் பார்க்கிறது. நல்லதும் கெட்டதும் அதிலிருந்தே தொடங்குகின்றன.

முதலில் நல்லது. 2016 மே மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். விண்ணப்பம் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், அலுவலகப் படியேற வேண்டாம். முழங்கால் வலியோடு இருப்பவருக்கும் கண் தெரியாதவருக்கும் இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. கேட்காமலே வந்து சேரும் உதவி இது ஒன்றுதான். என் பட்டியலில் முதலிடம் இதற்கே.

ஆனால் அந்த நூறு எவ்வளவு தூரம் வரும்? பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். இரண்டு விசிறி ஓடினாலே இலவசம் தீர்ந்துவிடும். அதே இடத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் 30 வாட் பி.எல்.டி.சி. வகை விசிறி மாட்டினால் ஒன்றுக்கு 22 யூனிட்தான். சுண்ணாம்புச் சாந்து பூசிய கனத்த சுவரும் வெளிச்சமும் காற்றும் இறங்கும் வளவும் (நடுமுற்றம்) உள்ள வீட்டில் பலருக்கு விசிறியே போதும். ஊருக்கு வரும் பிள்ளைகள் பலகாரப் பெட்டியோடு இரண்டு புது விசிறியும் வாங்கி மாட்டிவிட்டுப் போகலாம்.

இனிக் கெட்டது. ஒரே வளவைச் சுற்றி மூன்று பங்காளி வீட்டு முதியவர்கள் தனித்தனி அடுப்பு வைத்துச் சமைத்தாலும், மீட்டர் ஒன்று என்றால் மூவருக்கும் சேர்த்தே அந்த நூறு. வாடகைக்கு இருப்பவர் நிலை இன்னும் மோசம். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைத்து வாங்கினால் இலவசம் குடியிருப்பவர் கண்ணிலேயே படாது. வீட்டில் நோயாளி இருந்தால் கணக்கே தலைகீழ். ஆக்சிஜன் செறிவூட்டி ஏறக்குறைய 350 வாட். இரவில் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 210 யூனிட். அதோடு அவர் அறையில் ஏ.சி.யும் ஓடினால் 500ஐத் தாண்டுவது எளிது. தாண்டினால் அடி பலமாக விழும். 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடுதல், ஏனென்றால் எல்லையைக் கடந்ததும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் பாதி விலைச் சலுகை போய்விடுகிறது. அதன் பிறகு விலைகள் ஏறியிருக்கின்றன.

அப்படிப்பட்ட வீட்டுக்கு மத்திய அரசின் கூரைச் சூரிய மின்திட்டம் உண்மையிலேயே உதவும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய 'பிரதமரின் சூரிய வீடு' திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். வெயிலுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. காரைக்குடியில் சொந்தப் பெயரில் மொட்டைமாடி வீடு, வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளை இரண்டும் இருந்தால் தயங்காமல் போடலாம்.

பழைய வீடுகளுக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பெரும்பகுதி நாட்டு ஓட்டுக் கூரை. மின் இணைப்பு என்றோ காலமான பாட்டையா பெயரில் இருக்கும். பெயர் மாற்ற வாரிசுச் சான்று வேண்டும், பங்காளிகள் சம்மதம் வேண்டும், அவர்களோ நாலு நாட்டில் இருப்பார்கள். எல்லாம் கூடிவந்தாலும் முதலில் கைப்பணமோ கடனோ போட வேண்டும், பலகையில் படியும் தூசியைத் துடைக்க ஆள் வேண்டும். எழுபத்தெட்டு வயது ஆச்சியிடம் போய் இவ்வளவையும் செய்யச் சொல்வது நியாயமில்லை.

காஸுக்கு உஜ்வலா, ஏழைக் குடும்பங்களுக்கான மத்திய அரசின் காஸ் இணைப்புத் திட்டம். சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம், 2025-26இல் ஒன்பது சிலிண்டர் வரை. ஏழைக் குடும்பத்துப் பெண் பெயரில், வீட்டில் வேறு காஸ் இணைப்பு இல்லாதபோது மட்டும் கிடைக்கும். பழைய இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை.

ரொக்கம் வேறு வகை. முதியோர் உதவித்தொகை 2023இலிருந்து மாதம் 1,200 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு அதே ஆண்டு ஜனவரியிலிருந்து 1,500. இது மீட்டரையோ கூரையையோ பார்க்காமல் ஆளைத் தேடி வருகிறது. வாடகை வீட்டு முதியவருக்கு இதுதான் ஒரே வழி. இன்னும் வாங்காதவர்கள் இ-சேவை மையத்தில் முதலில் இதற்கு விண்ணப்பிக்கட்டும். ஆனால் அரிசியும் மாத்திரையும் போக மின்கட்டணத்துக்கு இதில் என்ன மிஞ்சும்? ஆதரவற்றவர்களுக்கான திட்டம் என்பதால், பெரிய வீட்டில் பதினாறில் ஒரு பங்கு பெயரளவில் இருக்கும் விதவைக்கு வேறு சங்கடம். கையில் காசில்லை என்பதைத் தேக்குமரத் தூண்களுக்கு நடுவில் நின்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

நான்கையும் வைத்துப் பார்த்தால், வீட்டில் மருத்துவக் கருவி ஓடும் முதியவரும் மாற்றுத்திறனாளியும் எதிலும் முழுதாக அடங்குவதில்லை. இதற்கு வழி இல்லாமல் இல்லை. காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்யும் கைத்தறி நெசவாளருக்கு 2023இல் இலவச மின்சாரத்தை 200இலிருந்து 300 யூனிட்டாக உயர்த்தியது தமிழக அரசுதான். தறிக்குக் கொடுக்க முடிந்ததை மூச்சுக் கருவிக்கும் கொடுக்க முடியும். அரசு மருத்துவரின் சான்றும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் ஆதாரமாகப் போதும். அடுத்த மின்கட்டண மாற்றத்துக்குக் கருத்துக் கேட்கும்போது இந்தக் கோரிக்கையை நம் ஊர்ச் சங்கங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.