9 அங்குலத் தட்டும் மூன்று குளிர்காலமும்

எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டு என்றால் என் கல்யாணத்துக்குச் சீராக வந்த 12 அங்குல எவர்சில்வர் தட்டுதான். ஓரத்தில் பெயர் வெட்டியது. இருபத்தாறு வருடம் தேய்த்ததில் கடைசி எழுத்து மட்டும் அழிந்து போயிருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் கணவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று தெரிந்ததும் சோற்றைக் குறைக்க வேண்டிய கட்டாயம் வந்தது. தட்டைச் சின்னதாக்கினால் சோறு தானாகக் குறையும் என்று எங்கோ படித்திருந்தேன். குன்னூர் மார்க்கெட்டில் ஏறி இறங்கி 9 அங்குலத் தட்டு ஆறு வாங்கி வந்தேன்.

மாமியார் முதல் நாளே கேட்டுவிட்டார்: "ஏம்மா, இது டிபன் தட்டாச்சே. சோத்துத் தட்டு எங்க?"

12 அங்குலம் 9 ஆனால் கால் பங்குதானே குறைகிறது என்று தோன்றும். பரப்பைக் கணக்குப் போட்டால் 113 சதுர அங்குலம் 64 ஆகிவிடுகிறது. பாதியை நெருங்கிய குறைப்பு. இதற்கு மேல் கண் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. 1865-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசஃப் டெல்பூஃப் என்பவர் விவரித்தது. ஒரே அளவில் இரண்டு வட்டம் வரைந்து, ஒன்றுக்கு ஒட்டினாற்போல ஒரு வளையமும் இன்னொன்றுக்குத் தள்ளி ஒரு பெரிய வளையமும் போட்டால், ஒட்டிய வளையத்துக்குள் இருப்பது பெரிதாகத் தெரியும். சோறு உள்வட்டம், தட்டின் விளிம்பு வளையம், அவ்வளவுதான்.

நம்பாமல் நானே செய்து பார்த்தேன். பழைய தட்டில் இரண்டு கரண்டி, புதுத் தட்டில் அதே கரண்டியால் இரண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாமியாரைக் கூப்பிட்டேன். நான் போட்டதைப் பார்த்துக்கொண்டே நின்றவர்தான். பெரிய தட்டைக் காட்டி, "இதுல இன்னும் அரைக் கரண்டி போடு, யாருக்கு வச்சிருக்கே இப்படி?" என்றார்.

ஆக முதல் இரண்டு மாதம் நன்றாகவே போனது. மூன்று கரண்டி போட்டுக்கொண்ட இடத்தில் இரண்டு. பிறகு ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது கவனித்தேன், சோற்றுப் பானை முன்பு போலவே காலியாகிறது. எங்கே போகிறது என்று உட்கார்ந்து பார்த்தால் விஷயம் புரிந்தது. நாம் ஒரே தடவை தட்டில் போட்டுக்கொண்டு எழுகிற ஆட்கள் இல்லையே! சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. சாம்பார் சாதம் குறைந்ததை ரசத்தில் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறார் மனிதர். 2007-இல் அமெரிக்காவில் பார்பரா ரோல்ஸ் என்ற சத்துணவு ஆராய்ச்சியாளரின் குழு 17, 22, 26 சென்டிமீட்டர் தட்டுகளை வைத்துச் சோதித்தபோதும் சின்னத் தட்டால் சாப்பாடு குறையவில்லை என்றுதான் வந்தது. என் வீட்டுப் பானை அதையே சொன்னது.

அப்புறம் நான் மாற்றியது தட்டை அல்ல, கரண்டியை. சோற்றுக்கு இருந்த அகலக் கரண்டியை உள்ளே வைத்துவிட்டு, பொரியலுக்கு வைத்திருந்த சின்னக் கரண்டியைச் சோற்றுப் பானைக்குக் கொடுத்தேன். அந்த அகலக் கரண்டி பொரியலுக்குப் போனது. ரசத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். குளிருக்கு மிளகு ரசம் டம்ளரில் இருந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ரசத்துக்கென்று சோறு போடும் ஒரு சுற்று அப்படியே நின்றது. இரண்டரை ஆழாக்கு அரிசி போட்ட வீட்டில் இப்போது இரண்டு. தட்டு மட்டும் இதைச் செய்திருக்காது. ஆனால் தட்டு நிறைந்து தெரிந்ததால்தான் கரண்டி மாறியதை அவர் கண்டுபிடிக்கவே இல்லை. (படித்துவிட்டுக் கேட்பார். கேட்கட்டும்.)

பசி நேரத்தில் மட்டும் எந்தத் தட்டும் எடுபடுவதில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்ஃபோர்டு ஏற்றம் ஏறி ராத்திரி எட்டரைக்கு வருகிறவரிடம் வட்டம், வளையம் எல்லாம் செல்லாது. தட்டைப் பார்த்ததுமே "இவ்வளவுதானா?" என்பார். ஞாயிற்றுக்கிழமை, இட்லி சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் மதியச் சாப்பாடு என்றால் அதே அளவைத் திருப்தியாகச் சாப்பிட்டு எழுவார். 2018-இல் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். குறைந்தது மூன்று மணி நேரம் சாப்பிடாதவர்கள் தட்டில் இருக்கிற பீட்சாவின் அளவைச் சரியாகச் சொன்னார்களாம். சாப்பிட்டு வந்தவர்கள்தான் ஏமாந்திருக்கிறார்கள். உணவு அல்லாத வெறும் வட்டங்களைக் காட்டியபோது இரண்டு தரப்பும் ஒரே மாதிரி ஏமாந்தது. பசித்தவன் கண் சோற்றை மட்டும் சரியாக அளக்கும் போலிருக்கிறது.

சின்ன அளவு முழுசாக ஜெயித்தது சாயங்கால வர்க்கியில்தான், எங்கள் மலைப் பக்கத்து மொறுமொறு பிஸ்கட். ஜூலை மாத மழையில் ஜன்னலைச் சாத்திவிட்டு, டீயும் வர்க்கியும் என்று உட்கார்ந்தால் பாக்கெட் எப்போது தீர்ந்தது என்றே தெரியாது. மைதாவும் வனஸ்பதியும், சொல்லிப் பயனில்லை. இப்போது பாக்கெட் அலமாரியை விட்டு வெளியே வராது. ஆளுக்கு ஒரு டீ சாஸர், அதில் மூன்று. மூன்று வர்க்கியிலேயே சாஸர் குவிந்து வழிகிறது. பசிக்காகச் சாப்பிடுவதில்லை என்பதால் கண் சொன்னதே கணக்கு. மிக்சர், வறுத்த கடலைக்கும் சின்னக் கிண்ணம் அப்படியே வேலை செய்கிறது.

நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று உண்டு. எங்கள் குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி சுமாருக்கே கொதித்துவிடும். டிசம்பர் ராத்திரியில் சாம்பார் அடுப்பை விட்டு இறங்கினதும் ஆற ஆரம்பிக்கும். பெரிய தட்டில் பரப்பிப் போட்ட சோறு, பாதி சாப்பிடுவதற்குள் சில்லென்று ஆகிவிடும். அதற்குப் பயந்தே நாங்கள் எல்லோரும் அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம். சின்னத் தட்டில் சோறு குவியலாக நிற்பதால் உள்ளே சூடு தங்குகிறது, மெதுவாகச் சாப்பிட முடிகிறது. என்னைக் கேட்டால், மலையில் இருப்பவர்கள் இதற்காகவே மாற்றலாம்.

தட்டு விஷயத்தை ஊரெல்லாம் பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பிரையன் வான்சிங்க். அவர் ஆராய்ச்சி நெறி தவறினார் என்று அந்தப் பல்கலைக்கழகமே 2018-இல் அறிவித்தது. பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதைப் படித்த அன்று ஆறு தட்டையும் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். ஆனாலும் 2015-இல் கோக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பாத்திரமும் பரிமாறும் அளவும் பெரிதானால் ஜனங்கள் கூடுதலாகச் சாப்பிடுவது தெரிகிறது என்றுதான் வந்தது. அதனால் மொத்தத்தையும் தூக்கி எறிய மனமில்லை. கணவரின் சர்க்கரை ஏறவில்லை. அதில் காலை நடைக்கும் பங்கு உண்டு. தட்டுக்கு மட்டும் பட்டம் கட்ட மாட்டேன்.

வாங்குபவர்களுக்கு: ஓரம் ஒன்றரை விரல் அளவாவது உயர்ந்திருக்கட்டும், இல்லாவிட்டால் ரசம் மேஜையில் ஓடும். முதலில் வாங்கியதில் இரண்டு தட்டு கனமே இல்லாமல், சோற்றைப் பிசையும்போது சுற்ற ஆரம்பித்தது. அவை இப்போது மூடியாக இருக்கின்றன. வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குச் சின்னத் தட்டு வைக்காதீர்கள், நான் ஒரு தடவை வைத்துப் பேச்சு வாங்கினேன்.

பெயர் வெட்டிய பெரிய தட்டும் பரணுக்குப் போகவில்லை. கேரட், பீன்ஸ், கோஸ் எல்லாம் மலிவாகக் கிடைக்கிற நாட்களில் பொரியல், கூட்டு, பச்சைக் காய் மூன்றையும் அதில் வைத்து நடுவில் வைக்கிறேன். தட்டு வெறிச்சென்று தெரிவதால் எல்லோரும் தாராளமாக அள்ளிக்கொள்கிறார்கள். ஹாஸ்டலிலிருந்து பையன் வருகிற அன்று மட்டும் மாமியார் அதைக் கழுவி வாங்கி, அவர் கையாலேயே சோறு போடுகிறார். அகலக் கரண்டியால்.