சிப்பாடானா, லாயாங் லாயாங்கா?

சுங்கை சிப்புட் காலைச் சந்தையில், பனிக்கட்டிமேல் கிடக்கும் சுறாக்குட்டியின் சொரசொரப்பான தோலைத் தடவிப் பார்த்துப் புட்டுக்கு வாங்கும் நம்மில் பலர், சுறாவை உயிரோடு கண்டதில்லை. காண விரும்புவோருக்குக் கிழக்கு மலேசியாவின் சபா கடலில் இரண்டு இடங்கள் உள்ளன.

சிப்பாடான், கடலடியிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் எழும் அணைந்த எரிமலையின் உச்சியில் பவளம் படிந்து உருவான தீவு. கரையை ஒட்டியே பவளச் சுவர் செங்குத்தாக இறங்குவதால், ஆழ்கடல் உயிர்கள் மிக அருகில் வருகின்றன. துடுப்பு நுனி வெளுத்த சுறாக்கள் பகலில் மணலில் அசையாமல் படுத்திருக்கும். நீந்தாமலே செவுள்களுக்குள் நீரைச் செலுத்திக்கொள்ள அவற்றால் முடியும். பச்சை ஆமைகளும் அழுங்காமைகளும் ஏராளம். 2004-க்குப் பிறகு தீவில் இரவு தங்க அனுமதியில்லை. அன்றாட வருகையாளர் எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஆமைகள் கரையேறி முட்டையிடும் மணல் என்பதால், அந்தக் கட்டுப்பாட்டை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்.

லாயாங் லாயாங், கோத்தா கினபாலுவிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வளையப் பவளத்திட்டு. அதன் பெருமை, அழிவின் விளிம்பிலுள்ள சுத்தியல்தலைச் சுறாக்களின் கூட்டம். ஏப்ரல், மே மாதங்களில் வாய்ப்பு அதிகம். கடற்பறவைகளும் அங்கே கூடு கட்டுகின்றன. ஆனால் சுறாக் கூட்டம் ஆழத்திலேயே திரிவதால், முக்குளிப்பில் பழகாதவர் ஏமாறக்கூடும்.

பிள்ளைகளோடு முதன்முறை செல்லும் தோட்டக் குடும்பத்துக்குச் சிப்பாடானையே சொல்வேன்; முகமூடி அணிந்து நீர்மேல் மிதந்தாலே ஆமையைக் காணலாம்.