இரண்டு கோகர்ணங்கள்: திருகோணமலையும் கர்நாடகக் கரையும்

கோகர்ணம் என்றதும் பலருக்குக் கர்நாடகக் கடற்கரையில் உள்ள மகாபலேசுவரர் கோயில்தான் நினைவுக்கு வரும். இலங்கையில் நம் திருகோணமலைக்கும் அந்தப் பெயர் இருந்தது. இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சம் 'கோகண்ண' என்கிறது. மகாசேன மன்னன் இங்கே தேவாலயத்தை அழித்து விகாரை கட்டியதையும் அதுவே சொல்கிறது. திருகோணமலைக் கோட்டையில் கிடைத்த, சோடகங்கன் என்பவனின் வடமொழிக் கல்வெட்டிலும் கோகர்ணம் வருகிறது.

இரு ஊர்க் கதைகளிலும் இராவணனும் அவன் தாயும் இருக்கிறார்கள். அங்கே, தாய் வழிபட அவன் கொண்டுவந்த ஆத்மலிங்கத்தைப் பிள்ளையார் தரையில் வைத்துவிட, அது பெயரவே இல்லை. இங்கே, கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவு. தாயின் இறுதிக்கடனுக்காக அவன் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள்.

சம்பந்தர் இரண்டையும் பாடியிருக்கிறார். அது மேற்குக் கடல், இது கிழக்குக் கடல், அவ்வளவுதான்.

பெரிய வேறுபாடு பிற்கால வரலாற்றில். கர்நாடகத்தில் பெயரும் கோயிலும் நிலைத்தன. இங்கே 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையே கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். இப்போதைய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல். கோகர்ணம் என்ற பெயரோ ஊர்ப் பேச்சில் இல்லை. நம் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம், புதுக்கோட்டையிலும் ஒரு திருக்கோகர்ணம் உண்டு. அது குடைவரைக் கோயில்.