டோர்ச் பரிசோதனை: வவுனியாவில் ஒரு ஆய்வுகூடம்

பெயர் போடவில்லை, தனியார் இடம். தங்கச்சிக்கு மூன்றாம் மாதம். முன்பள்ளி போகும் மூத்தவனுக்குக் காய்ச்சல் வந்து, பிறகு இவளுக்கும் அலுப்பு, கழுத்தில் நெறி கட்டியது என்று இருந்ததால் டொக்டர் டோர்ச், அதாவது வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளுக்கான இரத்தப் பரிசோதனை, எழுதிக் கொடுத்தார்.

புளியங்குளத்தில் இருந்து முதல் பஸ்ஸில் போனால் கூட்டமில்லை. இரத்தம் எடுக்கும் பிள்ளைக்கு நல்ல கை, நரம்பு தெரியாத தங்கச்சிக்கே ஒரே குத்துதான். மாதிரி கொழும்புக்குப் போய்வர வேண்டும் என்பதையும் முதலே சொல்லிவிட்டார்கள்.

றிப்போர்ட்தான் பிரச்சினை. சி.எம்.வி (சைட்டோமெகலோவைரஸ்) கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஐஜிஜி, ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருட்கள் இரண்டுக்கும் தடித்த எழுத்தில் 'பொசிட்டிவ்', வேறொரு விளக்கமும் இல்லை. கவுண்டரில் நின்ற பெடியன் போனைப் பார்த்துவிட்டு "அக்கா, பிள்ளைக்குக் காது, மூளை எல்லாம் பாதிக்குமாம்" என்றான், அங்கேயே அழத் தொடங்கிவிட்டாள். இதைச் சொல்வது அவன் வேலையா?

சைட்டோமெகலோவைரஸ் பலருக்கும் எப்போதோ தொற்றி, உடம்பிலேயே சத்தமில்லாமல் கிடப்பது. புதுத் தொற்றின் அடையாளம் என்று நினைக்கும் ஐஜிஎம்கூட மாதக்கணக்கில் நிற்கும், சிலவேளை வேறு தொற்றுக்கும் பொய்யாகக் காட்டும். எப்போது தொற்றியது என்று பார்க்க ஐஜிஜி அவிடிட்டி, அதாவது ஐஜிஜி கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்ற பரிசோதனை, வேண்டும்: முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்து அது உயர்வாக வந்தால், பிள்ளை தங்க முன்னமே வந்த தொற்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கர்ப்பத்தில் முதன்முதலாகத் தொற்றினாலும் நூற்றுக்கு 30, 40 பேருக்குத்தான் அது பிள்ளைக்குப் போகும். தொற்றோடு பிறப்பவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் காது கேளாமை மாதிரி நீண்டகாலப் பாதிப்பு. இவ்வளவும் கிளினிக்கில் டொக்டர் சொன்ன பிறகுதான் அவள் சாப்பிட்டாள். மருத்துவ மாது வேறு, "பிள்ளை, மூத்தவன் வைச்ச மிச்சத்தை அதே கரண்டியால சாப்பிடாதையும், மூக்குத் துடைச்சாலும் சோப் போட்டுக் கை கழுவும்" என்று சொல்லிவிட்டார். சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சலத்திலும்தான் இது அதிகம் பரவுகிறதாம்.

அவிடிட்டிக்கு மறுபடி இரத்தம், மறுபடி காசு. முதல் மாதிரியிலேயே பார்க்கக் கேட்டிருக்கலாமே! நல்ல வேளை, உயர்வு என்று வந்தது.

பழைய தொற்று திரும்பக் கிளம்பி அபூர்வமாகப் பிள்ளைக்குப் போவதும் உண்டு என்பதால், பிறந்த குழந்தைக்குப் பார்ப்பீர்களா என்று ஆய்வுகூடத்திடம் போனில் கேட்டேன். "ஆறு கிழமை கழிச்சுக் கொண்டு வாங்கோ" என்றார்கள். சலத்திலோ உமிழ்நீரிலோ பிறந்து 21 நாளுக்குள் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு வயிற்றில் வந்ததா, தாய்ப்பாலில் வந்ததா என்று பிரிக்க முடியாது. இது தெரியாமல் டோர்ச் விற்கிறார்கள்.

இரத்தம் கொடுக்க மட்டும் போங்கள், றிப்போர்ட்டைக் கவுண்டரில் பிரிக்க விடாமல் நேரே டொக்டரிடம் கொண்டு போங்கள். ஞாயிறு மத்தியானத்தோடு பூட்டிவிடுவார்கள்.